அறுபத்து மூன்று சதவீதத்தில் நின்றது

ஜூன் 2, ஞாயிறு

மருதம் அடுக்கக உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் பொறுப்பிலிருந்து இன்று மாலை விடுபட்டேன். பதினொரு ஆண்டுகள். தோற்றேன் என்று எழுதலாம்தான், ஆனால் அது நிலவரத்தை முழுமையாகச் சொல்லாது. மொத்தம் முப்பது வீடுகள், வீட்டுக்கு ஓர் ஓட்டு. முதல் மாடியில் குடியிருக்கும் பிசியோதெரபிஸ்ட் மகுடேஸ்வரிக்கு இருபத்தேழு. எனக்கு இரண்டு. ஒன்று செல்லாதது. அந்தச் செல்லாத சீட்டில் டிக் போட வேண்டிய இடத்தில் யாரோ இந்நாள் செயலாளரின் சேவைகளை நான்கு வரியில் பாராட்டி எழுதியிருந்தார்கள். நல்ல நடை. விதிமுறை என்ற பெயரில் அதைத் தள்ளிவிட்டார்கள்.

எங்கள் வீட்டு ஓட்டை நானே போட்டேன்.

கூட்டம் முடிந்ததும் மகுடேஸ்வரி வந்து, "சார், சங்கத்து லேப்டாப்ப மட்டும் பதினாறாந் தேதிக்குள்ள குடுத்துருங்க. அவசரமில்லீங்க," என்றார். சிரித்தபடிதான் சொன்னார். வென்றவர்கள் சிரிப்பார்கள்.

ஜூன் 3, திங்கள்

மடிக்கணினி எட்டு ஆண்டுகளாக என் வீட்டில்தான் இருக்கிறது. அப்படியே தூக்கிக் கொடுப்பது அழகல்ல. நூற்பாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டு அலுவலராக இருந்தவன் நான். ஒரு பொருள் கை மாறும்போது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல் இருக்க வேண்டும். இதற்கென்றே கணினியில் ஒரு வசதி இருக்கிறது. பேக்டரி ரீசெட் என்று பெயர். மூன்று வீடியோ பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

சங்கத்தின் தீர்மானங்கள் எல்லாம் காகிதக் கோப்பில் இருக்கின்றன. கணினியில் இருப்பவை வரைவுகள், மாதிரிப் படிவங்கள், சில தனிப்பட்ட எழுத்து முயற்சிகள். யாருக்கும் பயன்படாதவை.

காலை பத்தரைக்குத் தொடங்கினேன். "என் கோப்புகளை வைத்துக்கொள்", "எல்லாவற்றையும் நீக்கு" என்று இரண்டு வழிகள் காட்டியது. இரண்டாவதை அழுத்தினேன். உறுதியாகவா என்று கேட்டது. உறுதியாக என்றேன். நிம்மதியாக இருந்தது. சதவீதம் ஏற ஏறப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அறுபத்து மூன்றாவது சதவீதத்தில் என் மனைவி தெய்வானை கிரைண்டரைப் போட்டாள். வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. இந்தக் கணினியின் பேட்டரி செத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன; பிளக்கில் இருந்தால்தான் உயிர்.

"ஏனுங்க, மாவு பாதியில நின்னுபோச்சு," என்று சமையலறையிலிருந்து கத்தினாள்.

மாவு!

ஜூன் 4, செவ்வாய்

காலை ஏழு முதல் ஒன்பது வரை கணினி நாற்பத்தொரு முறை தானாகவே அணைந்து தானாகவே எழுந்தது. எண்ணினேன்.

ஜூன் 5, புதன்

நிலைமை இதுதான். பொத்தானை அழுத்தினால் கம்பெனியின் சின்னம் வருகிறது. புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன. "தயாராகிறது" என்கிறது. பிறகு, எதிர்பாராத பிழை ஏற்பட்டதால் மறுபடி தொடங்குகிறேன் என்று மன்னிப்புத் தொனியில் ஒரு வரி. திரும்பவும் சின்னம். பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடித்தேன். சார்ஜரைப் பிடுங்கி மாட்டினேன். மேல் வரிசையில் எப்-எட்டு, எப்-பதினொன்று விசைகள் எல்லாவற்றையும் குத்தினேன். ஒருமுறை நீலத் திரை வந்தது. பழுதைச் சரிசெய்யட்டுமா என்று கேட்டது. செய் என்றேன். அரை மணி நேரம் யோசித்துவிட்டு, முடியவில்லை என்று சொல்லி மறுபடி தொடங்கிற்று.

என் கவலை வேறு. பாதியில் நின்றதால் எவ்வளவு அழிந்தது, எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்கக்கூடிய கேள்வியுமல்ல.

மாலை மகுடேஸ்வரி போன் செய்தார். லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் அதில் இருக்கிறதா என்று கேட்டார். சின்னக் கோளாறு, இரண்டு நாளில் தருகிறேன் என்றேன். பத்து நிமிடத்தில் "மருதம் குடும்பம்" வாட்ஸப் குழுவில் செய்தி போட்டுவிட்டார்: "சங்க லேப்டாப் ரிப்பேர். பதினோரு வருஷ ரெக்கார்டும் அதில்தான் இருக்கு. யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லவும்."

எல்லோருக்கும் வழி தெரிந்திருந்தது. ஒருவர் அரிசி மூட்டைக்குள் வைக்கச் சொன்னார். ஒருவர் பிரிட்ஜுக்குள். மூன்றாம் மாடி ஜோதிமணி அம்மாள், வடகிழக்கு மூலைக்கு மாற்றி வைத்தால் சரியாகும் என்று எழுதி, கும்பிடும் கைகள் ஏழு போட்டிருந்தார். இத்தனை பேரும் இதே அக்கறையோடு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் போட்டிருக்கலாம்.

கடைசியில் நான், "பழையன கழிதல் இயற்கையே. தகவல்கள் அழிந்திருந்தாலும் அதை ஏற்கும் மனப்பக்குவம் நமக்கு வேண்டும்" என்று பதிவிட்டேன். இருபத்து மூன்று பேர் கைதட்டினார்கள். யாரும் ஏற்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

மகுடேஸ்வரி நேரிலேயே வந்துவிட்டார். கணினி மேஜைமேல் அணைந்து எழுந்து கொண்டிருந்தது. நின்று பார்த்தார்.

"இது எப்படிங்க சார் ஆச்சு?"

"தானாக."

"தானாவே ரீசெட் ஆயிருச்சுங்களா?"

தெய்வானை காபியோடு வந்தவள், "அவர்தானுங்க போட்டாரு. நான் கிரைண்டரப் போட்டேன், நின்னுபோச்சு," என்றாள். இந்த வீட்டில் இரகசியக் காப்பு என்ற ஏற்பாடே கிடையாது.

வைரஸ் தடுப்பு நடவடிக்கை என்று விளக்கினேன். மகுடேஸ்வரி தலையாட்டினார். பிறகு காபியைக் குடித்துக்கொண்டே, "அய்யாவுவ வேலைய விட்டு எடுத்தமல்லங்க, அந்தப் புகார் லெட்டரும் இதுலதான் ஸ்கேன் பண்ணி வச்சிருப்பீங்க? காகிதப் பைல்ல காணம். அதப் பாக்கோணும்," என்றார்.

அய்யாவு எங்கள் பகல் நேரக் காவலாளி. போன ஜனவரியில் நீக்கப்பட்டார். பின்னணியைப் பதிவு செய்வது நல்லது. கேட் அருகே ஆலோசனைப் பெட்டி ஒன்று என் முயற்சியால் வைக்கப்பட்டது. அதில் ஓர் அநாமதேய நண்பர் பல ஆண்டுகளாக எழுதிப் போட்டு வந்தார். "நன்றியுள்ள குடியிருப்புவாசி" என்று கையெழுத்திடுவார், தட்டச்சில். தண்ணீர்த் தொட்டி சுத்தமானது, மாடிப்படி விளக்குகள் மாறியது, இவற்றுக்கெல்லாம் காரணம் யார் என்பதை அவர் கவனித்துப் பாராட்டுவார். அவற்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது வழக்கம். பொங்கலுக்குப் பிறகு அதே நண்பர் எழுதிய ஒரு கடிதத்தில், அய்யாவு பணி நேரத்தில் தூங்குகிறார், கேட் திறந்து கிடக்கிறது என்று இருந்தது. கமிட்டியில் வாசித்தேன். நீக்கினோம். நான் வாசித்ததோடு சரி.

அந்தப் பொங்கல் விழாவில் முதல் பொன்னாடையை அய்யாவுக்குப் போர்த்தினார்கள். பிள்ளைகள் விசிலடித்தார்கள். இரண்டாவதுதான் செயலாளருக்கு. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

"காந்திபுரத்துல நஸ்ரின்னு ஒருத்தங்க சர்வீஸ் சென்டர் வச்சிருக்காங்க," என்றார் மகுடேஸ்வரி. "செத்த டிஸ்க்கக்கூடப் பேச வச்சுருவாங்க. நான் எடுத்துட்டுப் போறனுங்க."

"நானே போகிறேன். என் பொறுப்பு," என்றேன்.

ஜூன் 8, சனி

நஸ்ரினின் கடை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். நெற்றியில் ஒரு சின்ன விளக்கை மாட்டிக்கொண்டு, பல் டாக்டர்போல் ஒரு கணினிக்குள் குனிந்திருந்தார். என் கணினியை இயக்கிப் பார்த்தார். இரண்டு சுற்று பார்த்தார்.

"ரீசெட் பாதியில நின்னிருக்கு சார். முடிக்கவும் தெரியாம, பழசுக்குத் திரும்பவும் தெரியாம சுத்திட்டு இருக்கு. புதுசா சாப்ட்வேர் போட்டா எந்திரிச்சுரும். அதுக்கு முன்னாடி உள்ள இருக்கறத எடுத்துரலாம்."

"உள்ளே இருப்பது போனாலும் பரவாயில்லை," என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்க சார். போன மாசம் ஒருத்தர் கல்யாண போட்டோ எல்லாம் போயிருச்சுன்னு இங்க உக்காந்து அழுதாரு. எடுத்துக் குடுத்தேன்."

"எனக்கு ஒன்றும் வேண்டாம். நேரம் வீணாக்காதீர்கள். சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நெற்றி விளக்கு நேராக என் கண்ணில் அடித்தது. "எனக்குச் சிரமம் குடுக்கக் கூடாதுன்னு பாக்கறீங்க. பரவால்ல சார், பெரியவங்க நீங்க. நான் எடுத்துத் தரேன்," என்றார்.

இப்படி ஒரு நல்ல பெண்ணிடம் மாட்டிக்கொண்டால் மனிதன் என்ன செய்வான்? ரசீதில் தொடர்பு எண் கேட்டார். என் எண்ணைக் கொடுத்தேன். "மகுடேஸ்வரி மேடம் காலைலயே போன் பண்ணி அவங்க நம்பரையும் குடுத்துட்டாங்க," என்று அதையும் கீழே எழுதிக்கொண்டார்.

ஜூன் 10, திங்கள்

நஸ்ரின் போன் செய்தார். குரலில் அப்படி ஓர் ஆனந்தம்.

"சார், ஒண்ணுகூடப் போகல! ரீசெட்டு நீக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பழைய பைல்னு ஒரு ஓரமா ஒதுக்கி வச்சிருக்கு. அங்க கை வைக்கறதுக்குள்ள கரண்ட் போயிருக்கு. மேடம் சொன்னாங்க, உங்க வீட்டுல யாரோ நல்ல நேரத்துல கிரைண்டரப் போட்டிருக்காங்க சார்!"

"மகிழ்ச்சி," என்றேன்.

"'குடியிருப்புவாசி'ன்னு ஒரு போல்டர் சார். நாப்பத்தேழு பைலு. அது சங்கத்துதா, உங்க சொந்தமா?"

என் வாய் எதையோ சொல்வதற்குள் அவரே, "சரி சார், மேடம் எல்லாமே வேணும்னாங்க. பென்டிரைவ்ல போட்டுடறேன்," என்று வைத்துவிட்டார்.

உடனே ஆட்டோ பிடித்துப் போனேன். சிக்னல்கள் எல்லாம் என்னைக் கண்டதும் சிவந்தன. கடைக்குப் போனபோது, கிளினிக் முடிந்து போகிற வழியில் மேடம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார் நஸ்ரின். கணினியை என் கையில் கொடுத்தார். சின்னம் வந்தது, புள்ளிகள் சுற்றின, அமைதியாகத் திறந்தது. பளிச்சென்று, காலியாக, நான் விரும்பிய அதே நிலையில் இருந்தது.

"பாத்தீங்களா சார், புதுசு மாதிரி!"

கைகூப்பிவிட்டு வந்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

மகுடேஸ்வரி லிப்டில் "குட்மார்னிங் சார்" என்றார். வழக்கமாக "வணக்கம் சார்" என்பார்.

ஜூன் 12, புதன்

"வணக்கம் சார்" என்றார். நேற்று படித்திருக்கவில்லை, இன்று படித்துவிட்டார் என்று பொருளா? அல்லது நேர்மாறாகவா? காலை நடைப்பயிற்சியில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்ததுபோல் இருந்தது. தெய்வானை, பனியனைத் திருப்பிப் போட்டிருக்கிறேன் என்றாள்.

நாற்பத்தேழு கோப்புகள். பாராட்டு என்பது ஒருவனுக்குத் தேவைதான். முப்பது வீட்டில் ஒருவர்கூட எழுதாதபோது, எழுதியிருக்கக்கூடியதை யாராவது எழுதி வைத்தால் அதில் பொய் எங்கே இருக்கிறது? தொட்டி உண்மையிலேயே சுத்தமானது. விளக்குகள் உண்மையிலேயே எரிந்தன.

நாற்பத்தேழாவது கோப்பைப் பற்றி இன்று எழுதப் போவதில்லை.

ஜூன் 14, வெள்ளி

ஒன்றும் இல்லை. புடலங்காய் வாங்கினேன். கசந்தது.

ஜூன் 16, ஞாயிறு

கணினியை ஒப்படைக்க இன்றுதான் கடைசி நாள். துடைத்து, பையில் போட்டு, நானே கொண்டுபோகக் கிளம்பும்போது மகுடேஸ்வரி வந்தார். கையில் ஒரே ஒரு காகிதம். தெய்வானையைக் கூப்பிடுவாரோ என்று பயந்தேன். தெய்வானை ஏற்கெனவே கதவருகே நின்றிருந்தாள்.

"உக்காருங்க சார்," என்றார், என் வீட்டில்.

உட்கார்ந்தேன்.

"நாப்பத்தாறு லெட்டர் இருந்துச்சுங்க. நான் ரெண்டு படிச்சேன். மூடிட்டேன். அது உங்க சமாச்சாரம், யாருகிட்டயும் பேச மாட்டேன். பென்டிரைவ்லயும் அழிச்சுட்டனுங்க." காகிதத்தை மேஜைமேல் வைத்தார். "இது மட்டும் அப்படியில்லீங்க. பொட்டியில விழுந்தது ஜனவரி இருவதுன்னு கமிட்டியில சொன்னீங்க. உங்க லேப்டாப்புல பதினெட்டாந் தேதியே டைப் பண்ணி இருக்குது."

தட்டச்சுப் பிழை இருக்கலாம், கணினியின் கடிகாரம் பழுதாகியிருக்கலாம் என்று இரண்டு காரணங்கள் தயாராக இருந்தன. இரண்டையும் சொன்னேன். அவர் இரண்டையும் கேட்டார்.

"அய்யாவு தூங்கி நீங்க ஒரு தடவ பாத்திருக்கீங்களா சார்?"

பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

"கமிட்டியில நான் என்ன சொல்லோணுமோ அதைச் சொல்லிக்குவேன். புகார் பொய்யின்னு தீர்மானம் போட்டுக்கலாம். யாரு எழுதுனதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஆளுகிட்ட யாராச்சும் போய்ச் சொல்லோணுமுங்களே. அத நான் செய்ய முடியாது."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கணினி நன்றாக வேலை செய்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

தெய்வானை நேற்று முழுக்கப் பேசவில்லை. இன்று காலை இட்லியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். முப்பத்தேழு ஆண்டுகளில் நான் சாப்பிடும்போது அவள் அப்படி உட்கார்ந்ததில்லை.

"பலகையில ஒட்டற லெட்டரெல்லாம் நீங்க எழுதறதுதான்னு எனக்கு முதல் வருசமே தெரியுமுங்க. அத்தன பேருக்கும் தெரியும். பாவம், சந்தோசப்படட்டும்னு உட்டுட்டோம். அய்யாவு லெட்டரு உங்குளுதுன்னு நெனைக்கவேயில்ல நானு."

அத்தனை பேருக்கும்!

"எதுக்குங்க செஞ்சீங்க?"

பொன்னாடை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்வதற்குப் பதில் இட்லியை வாயில் போட்டுக்கொண்டேன். எழுதும்போதே கேவலமாக இருக்கிறது. ஒரு துண்டுத் துணி. அதை வாங்கிய கடையின் சீட்டுகூட உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது.

"துடியலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துல வாசல்ல நிக்கறாரு," என்றாள். "அவரு சம்சாரத்தைச் சந்தையில பாத்தேன். நாலு மாசம் வேலையில்லாம இருந்தாராம்." இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் இரண்டுதான் சாப்பிட்டிருந்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

போனேன். முகூர்த்தமில்லாத நாள். மண்டபத்து வாசலில் சமையல்காரர்கள் நாலைந்து பேர் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அய்யாவு கேட்டில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் கை நெற்றிக்குப் போயிற்று, பாதியில் இறக்கிக்கொண்டார்.

"வாங்க சார். விசேசத்துக்கு மண்டபம் பாக்க வந்தீங்களா?"

இல்லை என்றேன். அந்தப் பக்கமாக வந்தேன் என்றேன். வெயிலைப் பற்றிப் பேசினேன். மண்டபத்தின் பரப்பளவைக் கேட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு சொல்வதற்கு வேறொன்றும் மிச்சமில்லாததால் சொன்னேன்.

"அந்தப் புகார்க் கடிதம் நான் எழுதியது."

அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டார், எடுத்தார்.

"நான் தூங்குனனுங்களா சார்?"

"இல்லை."

"நாலு மாசம் யோசிச்சனுங்க. ஒருவேள என்னையறியாம கண்ணு சொக்கியிருக்குமோன்னு. ஊட்டுல அவகிட்டக் கேட்டேன், நான் ஒக்காந்த வாக்குல தூங்கற ஆளா புள்ளேன்னு. எனக்கே எம்மேல சந்தேகம் வந்துருச்சுங்க."

வேலை திரும்பக் கிடைக்கும், நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். எந்தப் பொறுப்பில் இருந்து ஏற்பாடு செய்வேன் என்று அப்புறம்தான் உறைத்தது. வேண்டாம் என்றார். இங்கே மரியாதையாக இருக்கிறதாம்.

"ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. நான் தூங்கலைன்னு ஒரு காகிதம் எழுதிக் குடுங்க. உங்க பேரப் போட்டு."

ஜூன் 19, புதன்

கணினி இல்லை. பேனாவால் எழுதினேன். முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "நிர்வாகக் காரணங்களால் ஏற்பட்ட ஒரு புரிதல் குறைபாட்டின் விளைவாக." கிழித்தேன். இரண்டாவதில் பதினொரு ஆண்டு சேவை என்ற சொற்றொடர் எப்படியோ நுழைந்துவிட்டது. கிழித்தேன். நான்காவதில், அய்யாவுவின் நற்பண்புகளைப் பாராட்டி ஒரு பக்கம் ஓடியது. அதை எழுதும் பெருந்தன்மையுள்ள மனிதர் மெல்ல மெல்ல மேலெழுந்து வருவதைக் கண்டு அதையும் கிழித்தேன்.

தெய்வானை ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தாள். "மூணு வரிதானுங்க," என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் மூன்று வரி முடிந்தது.

ஜூன் 20, வியாழன்

மண்டபத்தில் இன்று மாலை ஒரு வரவேற்பு. வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடிதத்தை உறையோடு கொடுத்தேன். அய்யாவு வாங்கவில்லை.

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் சார் படிக்க வரும். நீங்களே படிங்க."

சுற்றிலும் பார்த்தேன். வாழை மரம் கட்டியவர்கள், பூ அலங்காரக்காரர், தண்ணீர் கேன் இறக்கியவர். ஓரமாகப் போகலாமா என்றேன்.

"இங்கயே படிங்க," என்றார். "ஏப்பா, கொஞ்சம் நில்லுங்க. சார் ஒண்ணு படிக்கறாரு."

நின்றார்கள்.

கூட்டங்களில் வாசித்துப் பழகிய குரல்தான். இன்று அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. படித்தேன். "மருதம் அடுக்ககத்தில் ஒன்பது ஆண்டுகள் காவல் பணி செய்த அய்யாவு ஒருநாளும் பணி நேரத்தில் தூங்கியதில்லை. அவர் தூங்கினார் என்று பெயரில்லாமல் எழுதியது நான்தான். அது பொய், பொறாமையால் எழுதினேன்." கீழே முழுப் பெயர், கதவு எண்ணோடு.

வாழை மரம் கட்டியவர் கயிற்றைப் பல்லில் கடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தை மடித்து நீட்டினேன். அய்யாவு கையை நீட்டவில்லை.

"பேர இன்னொரு தடவ படிங்க சார்," என்றார்.

"ஆ. சிற்சபேசன்," என்றேன்.

"கொஞ்சம் சத்தமாங்க."